ஜன்னல் இல்லாத ட்ரெய்லர்

"ஜன்னல் இருக்கக் கூடாது."

கடைக்காரப் பெண்ணிடம் என் வீட்டுக்காரர் வெர்ன் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். குட் மார்னிங்கூடச் சொல்லவில்லை.

அவள் எடையைச் சொன்னாள், நீளத்தைச் சொன்னாள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியுமா என்று, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்த ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

எடையைப் பற்றி நான்தான் கவலைப்பட்டேன். இழுக்கப்போவது என் சின்னக் கார். நல்லவேளை, முழுக்க அலுமினியம். கொக்கியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், என்னாலேயே நகர்த்த முடிந்தது.

ஒவ்வொரு ஆகஸ்ட்டும் டகோட்டா மலையில் மோட்டார் சைக்கிள் திருவிழா. எங்கள் நெப்ராஸ்கா மோட்டார் சைக்கிள் சங்கத்து ஆட்கள் அவரவர் ஊரிலிருந்து தனித்தனியாகக் கிளம்பி, அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் கூடி, ஒன்றாகத் திருவிழா ஊருக்குள் நுழைவார்கள். வழி முழுக்க மோட்டார் சைக்கிளை ஓட்டித்தான் வர வேண்டும். வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறவனுக்குப் 'பல்லக்கு மகாராணி' என்று பெயர். அவன் கையில் பீரைக் கொடுக்கும்போதுகூட, "மகாராணிக்குக் களைப்பா இருக்கா?" என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள்.

அந்தப் பெயரை வைத்ததே வெர்ன்தான். அதை ஊர் கேட்கக் கத்துவது, பக்கத்து ஊரில் இருக்கும் அவருடைய கூட்டாளி ரோலண்ட்.

போன வருஷம் வெர்னுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். மலைக்குப் போக முடியவில்லை. மாதம் முழுக்க டிவி முன்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தார். மலைப் பக்கம் மழை என்று செய்தி வந்த ஒரு நாள் மட்டும் சிரித்தார்.

ஒரு மணி நேரம் ஓட்டலாம், நாள் முழுக்க ஓட்டக் கூடாது என்கிறார் டாக்டர். இந்த வருஷமும் போகாவிட்டால் இந்த மனுஷனோடு என்னால் குப்பை கொட்ட முடியாது. அதனால்தான் ட்ரெய்லர். அதுவும் மூடின ட்ரெய்லர். சங்கத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் வைத்த பெயர் அவருக்கே வந்து சேரும். அதற்கு வீட்டிலேயே கிடந்து சாகலாம் என்கிறார்.

கடைக்காரப் பெண் பின்கதவைக் கீழே சாய்த்தாள். அதுவே வண்டி ஏறுகிற பலகை. வெர்ன் உள்ளே போனார். முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்பை ஆட்டிப் பார்த்தார். பட்டை மாட்டத் தரையில் வைத்திருந்த வளையங்களை இழுத்து இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

அப்போதுதான் கடை வாசலில் ரோலண்டின் கார் திரும்பியது.

"மூடு! மூடு!" என்று உள்ளிருந்து குரல்.

நானும் அந்தப் பெண்ணும் கதவைத் தூக்கிச் சாத்தினோம். ஜூலை மாத வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

"மார்லா! நீ எங்க இங்க?" என்றார் ரோலண்ட்.

"ஆடு வாங்கப் போறேன். ஏத்திட்டு வரணுமே, அதான்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆட்டைக் கண்டாலே ஆகாது. அது ரோலண்டுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் சர்ச் நாற்காலியெல்லாம் ஏத்தறதுக்கு," என்றார், நான் கேட்காமலே.

பிறகு எங்கள் ட்ரெய்லரைத் தட்டிப் பார்த்தார். ஒரு சுற்று வந்தார். கடைக்காரப் பெண்ணின் பக்கம் சாய்ந்து, "இதுல ஜன்னல் கிடையாதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாற்காலிக்கு எதற்கு இந்த வெட்கம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்.

கதவு இறங்கியது. உள்ளே, வேர்வை சொட்டச் சொட்ட, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர்.

கடைக்காரப் பெண் வானத்தைப் பார்த்தாள்.

ரோலண்ட் என்னைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"நீ சொன்ன ஆடு இதுதானா மார்லா?"

"நாற்காலி ஏத்த வந்த மூஞ்சியப் பாரு!" என்றார் வெர்ன்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ட்ரெய்லரே ஆடியது. ரோலண்ட் உள்ளே ஏறி வெர்னுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இனி இவர் மலைக்குப் போவார்.

"ஏன்டா, நீயும் இந்த வருஷத்துலேர்ந்துதானா?" என்று கேட்டார் வெர்ன்.

"இந்த வருஷமா? வீட்டுல ஒண்ணு மூணு வருஷமா கிடக்குடா. சரியான கனம். மேடு ஏற காரு முக்குது. அதான் லேசா ஒண்ணு பாக்கலாம்னு வந்தேன்."

மகாராணி, மகாராணி என்று மூன்று வருஷமும் தொண்டை கிழியக் கத்தியது இந்த வாய்தானா என்று வெர்ன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலண்ட் அதைக் கண்டுகொள்ளவில்லை. வெர்னின் தோளில் கையைப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடிவாரத்துக்கு முன்னாடி தானியக் கிடங்கு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி வந்து வண்டிய இறக்கு. ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியாது. ஆனா விடியறதுக்குள்ள வந்துடுடா. நம்ம சங்கத்து ஆளுங்க எல்லாரும் வந்துட்டானுங்கன்னா ட்ரெய்லர நிறுத்த இடமே கிடைக்காது."