ஏழாவது பேட்டி

"பதினோரு பேருதானுங்களா அம்மணி? இதை ஆராய்ச்சின்னு எப்படிங்க ஒத்துக்கறது?"

வெளித்தேர்வாளர் அரங்கசாமி கேட்டதும் லின்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி. அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. பல்லடத்தில் தறி ஓட்டும் பதினோரு பெண்களிடம், சிறுவயதில் பள்ளியை ஏன் விட்டார்கள் என்று பேசிப் பேசியே ஐந்து வருடத்தைச் செலவழித்திருந்தாள். எதிரில் இருப்பவரோ புள்ளியியல் புலி. ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆய்வைத் தொடவே மாட்டார் என்பார்கள். பேட்டிகளை நம்பி வந்த இரண்டு பேரை இதே வருடம் திருப்பி அனுப்பியவர்.

நெறியாளர் விமலாராணி பக்கத்தில்தான் இருந்தார். அவரே பயத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எண்ணிக்கை முக்கியமில்லைங்க சார். சொன்னது நெசமான்னுதான் பாக்கணுங்க," என்றாள் லின்சி. எழுதியதை அந்தந்தப் பெண்ணிடமே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டித் திருத்தியதை விளக்கினாள்.

அரங்கசாமி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஏழாவது பேட்டியில் நின்றார். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் அந்தப் பெண் போட்ட கணக்கைப் பார்த்து வாத்தியார் சிரித்திருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் அவள் தறிக்குப் போய்விட்டாள்.

"இதையும் படிச்சுக் காட்டுனீங்களா?"

"காட்டுனேனுங்க. வாத்தியார் அடிச்சாருன்னு நான் தப்பா எழுதிப்போட்டேன். 'அடிச்சிருந்தா மறந்திருப்பேன், சிரிச்சாருன்னு எழுதுங்க'ன்னு அவங்கதான் சொன்னாங்க."

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக் குடித்தார்.

"அந்தப் பொண்ணு பேரென்னங்க?"

பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் லின்சி அந்தப் பெண்களைப் பேசவைத்திருந்தாள். ஆய்வேட்டில் வெறும் எண்கள்தான் இருந்தன.

"சொல்ல முடியாதுங்க சார்."

"பேரில்லாம எதை வெச்சு நான் சரிபாக்கறது? பட்டம் நின்னுபோகும், தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க," என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "ஆனாலும் சொல்ல மாட்டேனுங்க."

ஐந்து வருடமும் போயிற்று என்றே நினைத்தாள். அரங்கசாமி பேனாவை எடுத்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். விமலாராணி பெருமூச்சு விட்டார்.

எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார்.

"செவ்வந்தியைப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க அம்மணி."

லின்சி திடுக்கிட்டாள். ஏழாவது பெண்ணின் பெயர் அது; ஆய்வேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லாதது.

"அன்னைக்கு விடை சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் புள்ள போட்ட வழி வேற, எனக்குப் புரியாமச் சிரிச்சுப்போட்டேன்."