மெயின் ரோட்டுப் பேனர்கள்

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்று ராத்திரி போன் வந்ததும், கலையரசன் சென்னையிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு காலையில் மரக்காணம் வந்து இறங்கினான். சித்தப்பா தேசப்பன் பைக்கோடு காத்திருந்தார்.

"உப்பளம் வழியா போயிடலாம்பா."

"சுத்து வழி எதுக்கு சித்தப்பா? மெயின் ரோட்டுலயே போங்க. அப்பாவ சீக்கிரம் பாக்கணும்."

மெயின் ரோட்டில் மரங்களைவிடப் பேனர்கள்தான் அதிகம் நின்றன.

"ஆடு குட்டி போட்டாகூட பேனர் வைப்பானுங்க போல! அதுல கூலிங் கிளாஸ் போட்டு, காதுல செல்போன் வச்சிக்கினு ஒரு போஸு வேற! வெக்கமா இல்ல?" என்றான் கலையரசன்.

சித்தப்பா வண்டியை இன்னும் வேகமாக விரட்டினார்.

தெருமுனையில் ஒரு புதுப் பேனர். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே, மாலைக்குள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், கூலிங் கிளாஸும் காதில் செல்போனுமாக, 'மகன், சென்னை' என்று கலையரசன் நின்றிருந்தான்.