நாளைக்கு கிசெல்

"இதுக்குப் பேரு மாவா? பளபளன்னு பாக்கெட்டுல அடைச்சிட்டா தவிடு தங்கமாயிடுமா?"

அக்லயா அந்த ஓட்ஸ் பாக்கெட்டைப் பலகைமேல் வீசியெறிந்தாள். கார்கோபோல் சந்தையில் காலையிலிருந்து அவள் சண்டை பிடிக்காத கடை இல்லை. பனியில் நின்று நின்று மூக்கு சிவந்திருந்தது. கோபத்தில் மற்றதெல்லாம் சிவந்திருந்தது.

கடைசியில் தைசியாவின் கடைக்கு வந்தாள். தைசியா பழகியவள்.

"என்னதான் வேணும் அக்லயா பெத்ரோவ்னா?"

"உமியோட அரைச்ச ஓட்ஸ் மாவு. புளிக்க வெச்சு கிசெல் கூழ் கிண்டணும். நோன்புக் காலம், பால் ஊத்த முடியாது. ஆளிவிதை எண்ணெயும் கொடு."

தைசியா சிரித்தாள். "ஓகோ! விருந்தாளியைக் கிளப்பவா?"

"வேற எதுக்கு? என் தம்பி பொண்டாட்டி கபா இருக்காளே, அவ தங்கச்சி ரிம்மாவும் புருஷன் சவேலியும் அப்பத் திருவிழாவுக்கு வந்தாங்க. நோன்பே தொடங்கியாச்சு, அசையறாங்களா? நான் உட்கார்ற நாற்காலியிலதான் வந்து உட்காருவான் அந்த ஆளு. குறட்டை வேற!"

"கிளம்புங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"வாயால சொன்னா மரியாதையா? சாப்பாட்டுக் கடைசியில கிசெல் வந்தா எழுந்து போகணும்னு நம்ம பக்கத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னிக்குக் காலையில கபாவே வந்து, 'நாளைக்கு கிசெல் வைக்கணும் அண்ணி'ன்னா. கூடப் பிறந்தவளாச்சே, நேரா சொல்ல வாய் வரல, பாவம்."

தைசியா மூட்டையின் அடியிலிருந்து பழுப்பு மாவை அள்ளினாள். "கபா கால் எப்படி இருக்கு? அது முறிஞ்சதுக்குத்தானே நீங்க தம்பி வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்தீங்க?"

"காலா! நேத்து ஏரி மேல பனிச்சறுக்கு போயிட்டு வந்தாளே! அடுப்படிப் பக்கம்தான் தலைகாட்டறதில்ல. வந்தாலும் நான் விடமாட்டேன். உப்புப் போடத் தெரியாதவளுக்கு அங்க என்ன வேலை?"

மாவை ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாள் அக்லயா. லேசாகக் கசந்தது. அன்றைக்கு முதல்தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"இதுதான். முதல் வாயிலேயே புரியணும் அவங்களுக்கு."

அன்று மாலையே மாவைக் கறுப்பு ரொட்டித் துண்டோடு ஊறப்போட்டாள். காலையில் உமி போக வடிகட்டி, கை ஓயக் கிண்டினாள். இவ்வளவு நல்ல கிசெலை இந்த ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறெரிந்தது.

மதியம் முட்டைக்கோஸ் சூப்பும் காளானும் முடிந்ததும் பானையை மேசை நடுவில் டங்கென்று வைத்தாள். முதல் கிண்ணத்தை நிரப்பிச் சவேலியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சாப்பிடுங்க. நல்லா ரசிச்சுச் சாப்பிடுங்க!"

சவேலி கிண்ணத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "எங்களுக்கு எதுக்கு? நாங்க சாயங்கால பஸ்ஸுல கிளம்பறோமே. மூட்டைகூடக் கட்டியாச்சு."

"போன வாரமே டிக்கெட் எடுத்துட்டோம். அக்காவுக்குத் தெரியுமே" என்றாள் ரிம்மா.

அக்லயாவுக்குச் சுரீரென்றது. கபாவின் பக்கம் திரும்பினாள்.

"தெரியுமா? தெரிஞ்சிருந்துமா என்னைக் குளிர்ல கடை கடையா அலைய விட்ட? அப்புறம் யாருக்குடி இந்த கிசெல்? டேய் நிகோன், உன் பொண்டாட்டி பண்ற கூத்தைக் கேக்க மாட்டியா?"

தம்பி நிகோன் காலித் தட்டை ரொட்டித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

கபா எழுந்தாள். சவேலியின் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். குளிர்காலம் முழுக்க விழுங்கி வைத்திருந்த கோபம் அத்தனையும் முகத்தில் ஏறியிருந்தது. கிண்ணத்தை அக்லயாவின் முன்னால் வைத்தாள்.

"என் கால் சரியாகி ரொம்ப நாளாச்சு, அண்ணி."