தொரை புடிச்ச கள்ளக் காசு

"நீ கள்ளன் இருக்கு. இது ரோமாபுரிக் காசு இல்லை. இது நேத்து செஞ்சது இருக்கு."

தொரை தமிழ் பேசுனா தகர டப்பாக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்கும். ஆனா அந்தச் சத்தத்துக்கே பசறைப் பக்கத்துல இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டம் பூரா நடுங்கும்.

ஆபீசு வாசல்ல மாடசாமி கையைக் கட்டிக்கிட்டு நின்னான். புதுசாத் திருத்துன மலையில மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டுறப்ப மம்பட்டியில தட்டுப்பட்டுச்சுன்னு சொல்லி, ராசா தலை போட்ட, பச்சை பூத்த செப்புக் காசு ஒண்ணைக் கொண்டாந்து குடுத்திருந்தான். தொரைக்குப் பக்கத்துல, ஆமாஞ்சாமி போடுறதுக்குன்னே பொறந்த மாதிரி, கணக்கப்புள்ள கணபதி.

தொரைக்குப் பழைய காசுன்னா பைத்தியம். ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி ரோமாபுரியில இருந்து கப்பல்ல வந்த காசு, இந்த மண்ணுல அங்கங்க கெடக்குன்னு சொல்லுவாரு. கள்ளக் காசைக் கண்டுபுடிக்கிறதுல தன்னைய மிஞ்ச ஆளில்லைன்னும் சொல்லுவாரு.

"கணக்கப்புள்ள, இங்க பாரு." பூதக்கண்ணாடியை நீட்டுனாரு. "ஓரத்துல அரம் ராவுன கோடு. ஒண்ணு. சுண்டுனா சத்தம் இல்லை. ரெண்டு. எழுத்து கோணல் இருக்கு. மூணு."

கணபதி குனிஞ்சு பாத்தாரு. கோடும் தெரியலை, எழுத்தும் தெரியலை. தொரையோட கட்டை வெரல்தான் பூசணிக்கா மாதிரி தெரிஞ்சுச்சு.

"ஆமாங்க தொரைகளே. நல்லாத் தெரியுது."

"மண்ணுல கெடந்துச்சு, எடுத்தாந்தேன் தொரைகளே," மாடசாமி முனகுனான். "எனக்கு என்னங்க தெரியும்."

"கள்ளக் காசு கொண்டு வந்த ஆள் என் தோட்டத்துல வேணாம். கணக்கப்புள்ள, இவனுக்குத் துண்டு எழுது."

கணபதிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. துண்டுங்கிறது தோட்டத்தை விட்டுப் போறதுக்குத் தொரை குடுக்கிற சீட்டு. அது இல்லாத ஆளை வேற எந்தத் தோட்டத்துலயும் பேர் பதிய மாட்டாங்க. மாடசாமி மூணு வருசமா அதுக்குத்தான் தொரை காலைச் சுத்துனான். அவன் பொண்டாட்டி பாக்கியலெட்சுமி அப்புத்தளைத் தோட்டத்துல, இவன் இங்க. தாலி கட்டுனவளைத் திருவிழாவுக்குத் திருவிழாதான் பாக்க முடிஞ்சுது. இப்ப அவளுக்கு ஏழு மாசம்.

இத்தனை நாளா அழுதும் பாத்தான், கும்பிட்டும் பாத்தான். தொரை அசையலை. கான் வெட்டுறதுல இவனை மாதிரி ஆள் கெடையாதாம். நல்லா உழுற மாட்டை எவன் சந்தைக்கு ஓட்டுவான்?

தொரை கையெழுத்துப் போட்டுத் துண்டை வீசுனாரு.

"காசு…" மாடசாமி கையை நீட்டுனான்.

"கள்ளக் காசு வெளிய போகக் கூடாது. அது இங்க இருக்கும். நீ போ."

மாடசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனான்.

அவன் தலை மறைஞ்சதுதான் தாமதம். தொரை கதவைச் சாத்துனாரு. அலமாரியில இருந்து வெல்வெட்டுப் பெட்டியை எடுத்தாரு. காசை லேஞ்சித் துணியால தொடச்சு, தொட்டில்ல புள்ளையப் போடுற மாதிரி பஞ்சுல வச்சாரு.

"கணக்கப்புள்ள, இந்த மாதிரி ஒண்ணு கொழும்புல கூட இல்லை."

பெட்டியில ஏற்கனவே அஞ்சு காசு. அஞ்சையும் 'கள்ளக் காசு'ன்னு சொல்லிப் புடுங்குனதுதான். கொண்டாந்த ரெங்கம்மாவுல இருந்து அஞ்சு பேரும் இப்ப வேற வேற தோட்டத்துல. ஆள் இங்கயே இருந்தா, தொரையோட சமையக்கார அப்பு மூலமா பெட்டிச் சேதி லயத்து வீடுகளுக்குப் போய் அவங்க காதுல விழுந்துருமே.

கணபதி அஞ்சு தடவையும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தாரு. இந்தத் தடவை மனசுல அட்டை ஏறுன மாதிரி ஊர்ந்துச்சு. புள்ளத்தாச்சி பொண்டாட்டிக்காரன். அந்தக் காசை பதுளைக் கடையில குடுத்திருந்தா ஒரு பசுமாடாவது வாங்கியிருப்பான்.

கொடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு குறுக்குப் பாதையில ஓடுனாரு. பாலத்துக்கிட்ட ஆளைப் புடிச்சாரு.

"டேய் மாடசாமி, நில்லுடா. தொரை உன்னைய ஏமாத்திட்டாரு. அந்தக் காசு நெசமாம்டா."

"அப்பிடீங்களா?"

"இப்பதான் வெல்வெட்டுல படுக்க வச்சிருக்காரு. முத்தம் குடுக்காத கொறை. வா, ரெண்டு பேரும் போய்க் கேப்போம். போறது என் வேலைதானே, போகட்டும்."

மாடசாமி அவரை ஏற எறங்கப் பாத்தான். மொத தடவையா அந்த மனுசன் மேல அவனுக்கு ஒரு பாசம் வந்துச்சு.

"வேணாங்க ஐயா. புள்ளகுட்டிக்காரரு நீங்க. தொரை சரியாத்தான் சொன்னாரு. அது கள்ளக் காசுதான்."

"என்னடா ஒளர்ற?"

"அஞ்சு பேருக்குத் துண்டு கெடச்ச வழி, பழைய காசு கொண்டாந்து குடுக்கிறது ஒண்ணுதானுங்களே. பசறையில பாத்திரத்துக்கு ஈயம் பூசுற ஹுமைத் நானாகிட்டச் சொல்லி அடிச்சு வாங்குனேன். புளித்தண்ணியில ஊறப் போட்டு, ஒரு மாசம் சாணிக்குள்ள பொதச்சு வச்சேன்."

கணபதி இன்னும் கிட்ட வந்தாரு. "அப்ப… ஓரத்துல அரம் ராவுன கோடு?"

"இருக்குங்க."

"சுண்டுனா சத்தம் வராதுன்னாரே?"

"எப்பிடிங்க வரும், உள்ள ஈயமில்ல இருக்கு. தொரை சொன்னது மூணும் நெசம். பாவம், பொய் சொல்றோம்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லிட்டாரு."

கணபதி பாலத்துக் கட்டையில உக்காந்துட்டாரு. சிரிப்பு அடங்க நேரமாச்சு.

"அது சரிடா, காசுல ரோமாபுரி ராசா தலை இருக்கே. அந்த ராசா மொகம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

மாடசாமி துண்டை மடியில சொருகுனான்.

"ராசா மொகத்துக்கு நான் எங்கங்க போவேன்? கள்ளக் காசுக்குப் பொருத்தமா ஒரு வெள்ளைக்கார மொகம் தெரியும். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல தொரை நின்னப்ப, நானாவைக் கூட்டியாந்து காட்டிவிட்டேன்."