துரை கருத்த கதை

"இது அம்மாவோட பூனை இல்லண்ணா."

சோபாவில் சாய்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்தான். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?"

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் தங்கையால் வந்து சேர முடிந்தது. சளி நெஞ்சில் இறங்கி ஒரே வாரத்தில் அம்மா போய்விட்டாள். அழுது ஓய்ந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அம்மாவின் பூனையை.

நீலக் கண், வெண்ணெய் நிறம், முகத்திலும் வாலிலும் மட்டும் கறுப்பு. அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் அம்மா அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்திருந்தாள். அண்ணி கொண்டுவந்து விட்டதோ, முதுகெல்லாம் புகை படிந்தாற்போல் கருத்துக் கிடந்த ஒரு பூனை.

"துரைய எங்கயோ தொலைச்சிட்டு வேற எதையோ பிடிச்சு வந்து காட்டுறீங்க. அம்மாவையும் இப்படித்தான் பார்த்துக்கிட்டீங்களா?"

"வாய் இருக்குன்னு பேசாதே. அம்மாவ இதோ, இந்த முன் ரூம்ல, ஹீட்டர் பக்கத்துல ராணி மாதிரி வச்சிருந்தோம். மூணு வருஷமா போன்லயே குடும்பம் நடத்தினவ நீதான்!"

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. போனில்தான் பார்த்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தலையில் கம்பளித் தொப்பியோடுதான் அம்மா பேசினாள். "என்னம்மா இது வேஷம்?" என்றால், "ஃபேஷன்டி!" என்று சிரிப்பாள்.

மறுநாள் காலை, பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு மிருக டாக்டரிடம் போனாள். அண்ணனின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்ற வீம்பு.

டாக்டர் பூனையின் பிடரியில் கருவியை வைத்தார். அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் முன்பே பதித்திருந்த சிப்பின் எண் திரையில் வந்தது.

"சந்தேகமே வேண்டாம்மா. அதே துரைதான்."

"அப்ப நிறம்?"

"இந்த ஜாதிப் பூனைக்குப் பரம்பரையா வர்ற சமாச்சாரம் அது. உடம்புல சூடு இருக்கிற இடத்துல முடி வெளுப்பாவே முளைக்கும். குளிர்ந்த இடத்துல கறுப்பா முளைக்கும். காது, மூக்கு, வால் எல்லாம் சீக்கிரம் குளிர்ந்துடும், அதான் அங்க மட்டும் கறுப்பு."

"முதுகும் கருத்திருக்கே?"

"வயசானா கொஞ்சம் கருக்கும். ஆனா குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்கம்மா ஊசி போடத் தூக்கிட்டு வந்தப்ப இவன் பளிச்சுனு இருந்தான். அதுக்கப்புறம் இவன் படுத்த இடம் நல்ல குளிரும்மா. ஹீட்டர் இருக்கிற ரூம்ல இருந்திருந்தா இப்படி ஆகாது."

அவளுக்குப் பாதி கோபமும் பாதி நிம்மதியுமாக வந்தது. முடி கொட்டுகிறது என்று அண்ணி பூனையைப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் தள்ளியிருப்பாள். பாவம்தான். ஆனாலும் ஒரு பூனைக்காக அண்ணனிடம் அப்படி ஒரு வார்த்தையை விட்டிருக்க வேண்டாம்.

வீடு திரும்பியதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுண்ணா. இது துரையேதான். குளிர்லயே கிடந்ததால கருத்துப் போச்சுன்னு டாக்டர் சொல்றார். கொட்டகையில போட்டிருந்தா போட்டோம்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"எந்த மடையன் சொன்னான்? நாங்க பூனைய எங்கயும் தள்ளல. கடைசி மூச்சு வரைக்கும் அது அம்மா கால்மாட்டுலயேதான் படுத்துக் கிடந்துச்சு!"