நாற்காலிகளை உள்ளே தள்ளும் சேவை

எங்கள் அலுவலகம் வெளியாட்களிடம் வாங்கும் எல்லாச் சேவைகளுக்கும் ஒரு மென்பொருள் உண்டு. துப்புரவு, காவல், லிஃப்ட் பராமரிப்பு எல்லாவற்றையும் அதில்தான் புதுப்பிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அதில் ஒரு சேவை: ‘இரவில் நாற்காலிகளை உள்ளே தள்ளிவைத்தல்’. விலை கிடையாது. செய்யும் நிறுவனத்தின் பெயரும் இல்லை.

“எவனோ சும்மா போட்டுப் பார்த்திருப்பான். தூக்கிடுங்க,” என்றார் மேலாளர். தூக்கிவிட்டேன்.

மறுநாள் காலை நாற்காலிகள் எல்லாம் மேசைக்கடியிலிருந்து வெளியே இழுபட்டுக் கிடந்தன, கூட்டம் முடிந்து இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. துப்புரவு அக்காவிடம் கேட்டேன்.

“நான் தொடவே இல்ல சார். இத்தனை வருஷத்துல இப்படிப் பார்த்ததும் இல்ல.”

அதற்கடுத்த நாள் அவை எல்லாம் என் இருக்கையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அக்கா வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதைத் திரும்பப் போட்டுருங்க.”

மறுபடியும் பதிந்தேன். நிறுவனத்தின் பெயர் இல்லாமல் இந்த முறை மென்பொருள் விடவில்லை. ‘முன்பு செய்தவர்களே’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

இன்று காலை நாற்காலிகள் எல்லாம் ஒழுங்காக உள்ளே இருந்தன. “அப்பாடா,” என்ற அக்கா, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பெருக்க ஆரம்பித்தார். சேவை எப்படி என்று மென்பொருள் கேட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

நிம்மதியாக என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது. ஏசி குளிருக்கு அது இதமாகத்தான் இருந்தது.