ஒரு சாட்சி போதும்

"அந்த வீட்டுக்குள்ள போய் வாற ஒரே ஆள் நீர்தான், அழகம்மா. கண்டதைச் சொல்லும்!"

வாய்க்கால் கரை றோட்டென்றும் பாராமல் விமலேஸ்வரி ரீச்சர் கத்தினாள். மலைநாட்டிலிருந்து வந்து அந்த வீட்டில் வேலை செய்கிற அழகம்மா, தலையிலிருந்த விறகுக் கட்டை இறக்காமலே நின்றாள்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க, டீச்சரம்மா."

"பாக்கேல்லையோ? பிள்ளையின்ர முதுகில மூண்டு சூட்டுத் தழும்பு. பள்ளிக்கூடத்தில என்ர கண்ணால கண்டனான். அதைத் தோய வாத்துக் குளிப்பாட்டிறது நீர். உமக்குத் தெரியாதோ?"

"கஞ்சி கொட்டிப்போச்சுன்னு வீட்டம்மா சொன்னாங்க."

கஞ்சியாம்! கஞ்சி கொட்டினால் காலில் கொட்டும், மடியில் கொட்டும். முதுகில் போய்க் கோடு கோடாகக் கொட்டுமா? ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையின் பெயர் நாகேஸ்வரி. மூன்றாம் வகுப்பு. இரணைமடுக் குடியேற்றத்தில் வயலும் கல்வீடும் உள்ள மயில்வாகனமும் கமலாசனியும் தங்களுக்குப் பிள்ளையில்லை என்று எடுத்து வளர்த்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்த சனத்தோடு வந்த கைக்குழந்தை, தாய் தகப்பன் செத்துப்போச்சினம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது ஊரே மெச்சியது. இப்போது அதே ஊர், வேலிக்கு மேலால் பிள்ளையின் அலறல் கேட்டால், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. அணைத்ததை மட்டும் ஒருவரும் கண்டதில்லை.

பத்து நாளாகப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. ரீச்சர் போய் வேலிப் படலையில் நின்று கேட்டதற்கு, "காய்ச்சல்" என்றாள் கமலாசனி. உள்ளே விடவில்லை. ரீச்சர் நேரே ஊர் அதிகாரியான விதானையார் முத்துலிங்கத்திடம் ஓடினாள்.

"நீங்கள் கண்டது தழும்பு, ரீச்சர். சுட்ட கையைக் கண்டீங்களோ?" என்று கேட்டார் விதானையார். "அந்த வீட்டுக்குள்ள நிண்ட ஆள் ஒராள் சொல்லட்டும். நான் எழுதிக் குடுத்துப் பிள்ளையை எடுப்பிக்கிறன். ஒரு சாட்சி போதும்."

அந்த ஒரு சாட்சிக்குத்தான் இவ்வளவு பாடும்.

"வேலை போயிடுமெண்டு பயப்பிடுறீரோ, அழகம்மா? என்ர வீட்டுக்கு வாரும். நான் வேலை தாறன்."

"வேணாங்க. அந்த வீட்ட விட்டு நான் எங்கயும் வரமாட்டேங்க."

"உம்மட வயித்தில பிறந்த பிள்ளையெண்டால் இப்பிடி நிப்பீரோ?"

அழகம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குப் புள்ளக்குட்டி இல்லீங்க."

பிறகென்ன! பெறாதவளுக்குப் பிள்ளையின் அருமை எங்கே தெரியப்போகிறது? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ரீச்சர் அவள் கையைப் பிடித்து விதானையார் வீட்டுக்கே இழுத்துப் போனாள்.

விதானையார் கதிரையில் இருந்தபடி கொப்பியை விரித்தார்.

"பயப்பிடாதை. கமலாசனி பிள்ளைக்கு அடிக்கிறதையோ, சூடு வைக்கிறதையோ நீ கண்டனியோ?"

அழகம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரீச்சர் அவள் வாயையே பார்த்தாள். சொல்லித் துலையடி, ஒரு சொல்லுச் சொல்லித் துலை!

"இல்லீங்க, ஐயா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

விதானையார் கொப்பியை மூடினார். "பாத்தீங்களே, ரீச்சர்? இனி நான் என்ன செய்யிறது?"

வெளியே வந்ததும் ரீச்சருக்கு மரியாதையெல்லாம் பறந்துபோயிற்று. "தின்னிற சோத்துக்கு வாலாட்டுறியோ? உன்ர நெஞ்சு என்ன கல்லோ?"

அழகம்மா குனிந்தாள். படியோரம் இறக்கிவைத்திருந்த விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கமலாசனி வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஐந்தாம் நாள் காலை, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த வாய்க்காலிலிருந்து நாகேஸ்வரியைத் தூக்கினார்கள்.

தண்ணீர் அள்ளப் போன பிள்ளை கால் சறுக்கி விழுந்துவிட்டதாம். பொலிசும் வந்து எழுதிக்கொண்டு போனது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை வாய்க்காலுக்கு அனுப்பினது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கமலாசனி மாரில் அடித்து, "என்ர செல்வமே" என்று கத்திய கத்தல் றோட்டுவரைக்கும் கேட்டது.

கேட்கப் பொறுக்காமல் வெளியே வந்த ரீச்சரின் கண்ணில் அழகம்மா பட்டாள். செத்தவீட்டுக்குள் வராமல், படலைக்கு வெளியே வேலியைப் பிடித்தபடி நின்றாள். ரீச்சருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இப்ப சந்தோசமோ? அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்தக் குஞ்சு இண்டைக்கு உயிரோட இருக்கும். நீதான் கொலை செய்தனி! கேக்குதோ? நீதான்!"

"ஆமாங்க" என்றாள் அழகம்மா. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. "இனிச் சொன்னா யாரு சாகப் போறா, டீச்சரம்மா? அவள நான் பெத்துக் கைப்புள்ளயா தூக்கிக் குடுத்த அன்னைக்கு, புள்ளையார் கோயில்ல கற்பூரத்த அணைக்க வச்சு வீட்டம்மா சத்தியம் வாங்கினாங்க... இந்தப் புள்ள விசயத்துல நான் எந்நாளும் வாயத் தொறக்கக் கூடாது, தொறந்தா புள்ள உசிரு போயிரும்னு."